எறும்பி என்றால் யானை: ஒரு நிகண்டோடு ஆறு வருடம்

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். நிகண்டு என்றால், ஒரு பொருளுக்கு என்னென்ன சொல் உண்டு என்று செய்யுளில் தொகுத்துச் சொல்லும் பழைய நூல். நான் வாங்கிய சூடாமணி நிகண்டில் 49ஆம் பக்கம் முதல் 64ஆம் பக்கம் வரை இரண்டு முறை இருக்கிறது. 65 முதல் 80 வரை கிடையாது. அச்சகத்தில் ஒரு பாரத்தை, அதாவது பதினாறு பக்கம் சேர்ந்த ஒரு மடிப்பை, இரண்டு தடவை வைத்துத் தைத்துவிட்டு, அடுத்த பாரத்தை மறந்துவிட்டார்கள். பாளையங்கோட்டையில் ஒரு புத்தகக் கண்காட்சியில் வாங்கியது. விலை 280 ரூபாய், கழிவு போக 252. பக்கங்கள் விட்டுப்போனது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். "பில் இருக்காம்மா?" என்று கேட்டார் எடுத்தவர். கண்காட்சி பில்லை யார் இரண்டு மாதம் பத்திரப்படுத்துவார்கள்? "சரி, நேர்ல கொண்டு வாங்க, பாக்கலாம்" என்றார். அவர்கள் இருப்பது சென்னையில். போய்வரும் செலவுக்கு இன்னும் நாலு நிகண்டு வாங்கிவிடலாம்.

இருந்தும் இந்த ஆறு வருடத்தில் என் மேசையை விட்டு இறங்காத புத்தகம் அதுதான். அட்டை கழன்று, பைண்டிங் பசை விட்டு, இப்போது ஒரு ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். நான் பிழைப்புக்குச் சப்டைட்டில் எழுதுகிறவள். வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் எழுத்து போடுவது வேலை. அதோடு ஒரு மாத இதழுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் அமைத்துக் கொடுக்கிறேன். முதலாவது அரிசி பருப்புக்கு; இரண்டாவதில் வரும் பணம் மாதம் ஒரு தடவை அல்வா வாங்கத்தான் காணும். ஆனால் எதை விடுவாய் என்று கேட்டால் புதிரை விடமாட்டேன். இரண்டு வேலைக்குமே ஒருநாளைக்குப் பத்துத் தடவை "இதற்கு வேறு சொல் என்ன?" என்ற கேள்வி வரும். அகராதியால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. சொல் தெரிந்தால் அது பொருள் சொல்லும். எனக்குப் பொருள் தெரியும், சொல்தான் அகப்படாது.

நிகண்டு அந்தத் தலைகீழ் வேலைக்கென்றே பிறந்தது. திவாகரர் செய்த திவாகரம் ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையது. ஆதரித்தவன் சேந்தன் என்பதால் சேந்தன் திவாகரம் என்றும் பெயர். அதன் பிறகு பிங்கலம். சமணரான மண்டலபுருடர் செய்த சூடாமணியை 16ஆம் நூற்றாண்டு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். முன்னவர்கள் சூத்திரமாகச் செய்ததை இவர் விருத்தத்தில் பாடியதால் வாய்க்குச் சுளுவாக இருந்தது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தது பெரும்பாலும் இதைத்தான். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் இதை உரையோடு பதிப்பித்திருக்கிறார்.

மொத்தம் பன்னிரண்டு தொகுதி. தெய்வப் பெயரில் தொடங்கி மனிதர், விலங்கு, மரம், இடம், பொருள் என்று இறங்கி, பண்பு, செயல், ஒலி என்று கண்ணுக்குத் தெரியாதவற்றுக்குப் போகும். பதினொன்றாவது, ஒரே சொல்லுக்குப் பல பொருள். பன்னிரண்டாவது, மூன்று, ஐந்து, எட்டு என்று எண்ணால் தொகுத்துச் சொல்கிறவை. பிங்கலம் வானத்தில் தொடங்கும். எதிலிருந்து உலகத்தைப் பார்க்க ஆரம்பிப்பது என்று ஆளுக்கொரு கருத்து இருந்திருக்கிறது.

எனக்குப் பத்தாவது தொகுதிதான் முதலில் கை கொடுத்தது. ஒலிபற்றிய பெயர்த்தொகுதி.

காது கேளாதவர்களுக்கான சப்டைட்டில் என்று ஒரு வகை உண்டு. அதில் வசனம் மட்டும் போட்டால் போதாது. கேட்கிற ஒலியையும் சதுர அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். கதவு கிறீச்சிடுகிறது, தூரத்தில் நாய் குரைக்கிறது, இந்த மாதிரி. ஒரு போலீஸ் தொடர் வந்தது. முதல் பாகத்தை முடித்து அனுப்பினேன். சரிபார்க்கிறவர் ஒரே வரியில் திருப்பியனுப்பினார்: "மேடம், 'சத்தம்' 41 முறை வருகிறது." எண்ணிப் பார்த்தேன், வந்தது. கூட்டத்தின் சத்தம், வண்டிச் சத்தம், வெளியே சத்தம், பலத்த சத்தம், லேசான சத்தம். காது கேட்காத ஒருவர் இதைப் பார்த்தால் என்ன தெரிந்துகொள்வார்? ஏதோ கேட்கிறது, அவ்வளவுதான். அவருக்கு நான் செய்ய வேண்டிய ஒரே வேலையை நான் செய்யவில்லை.

அன்று ராத்திரிதான் நிகண்டை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். ஒலி, ஓசை, ஓதை, அரவம், ஆர்ப்பு, கலி, கம்பலை, சும்மை, அழுங்கல், முழக்கம், துவனி... பாதிக்கு மேல் இன்று யாருக்கும் புரியாது. "தெருவில் சும்மை" என்று போட்டால் சும்மா என்பதைத் தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைப்பார்கள். ஆனால் கம்பலையில் கண் நின்றுவிட்டது. சின்ன வயதிலிருந்து "கண்ணீரும் கம்பலையுமா வந்து நின்னா" என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானும் சொல்லியிருக்கிறேன். கம்பலை என்றால் என்ன என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கம்பளி மாதிரி ஏதோ, அழுக்குத் துணி, தலைவிரி கோலம் என்றெல்லாம் மங்கலாக ஒரு படம் மட்டும் இருந்தது. அது ஆரவாரமாம். கண்ணில் நீர், வாயில் ஓலம்: கண்ணீரும் கம்பலையும். தொல்காப்பியர் உரியியலில் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் நான்கும் அரவப் பொருள் என்று சொன்னதில் ஒன்று, எங்கள் வீட்டு அடுக்களையில் இத்தனை வருடமாகப் புழங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மறுநாள் காலை அம்மாவிடம் சொன்னேன். "அதான, அழுத சத்தம்தான. வேற என்னன்னு நெனச்ச?" என்றாள். அவளுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

அடுத்து அரவம். பாம்பு என்ற பொருளைப் பள்ளியில் படித்ததோடு சரி. ஆனால் "ஆளரவம் இல்லாத தெரு" என்று நாமே எழுதுகிறோமே, அந்த அரவம் ஒலி. பெரிய ஒலி அல்ல. யாரோ நடமாடுகிறார்கள் என்று தெரியும் அளவுக்கு மட்டும். என் போலீஸ் தொடரில் நாயகி இருட்டுக் கிடங்கில் ஒளிந்திருக்கும் காட்சி ஒன்று. நான் "லேசான சத்தம்" என்று போட்டிருந்த இடம். "அருகில் ஆளரவம்" என்று மாற்றினேன். இரண்டு சொல், திரையில் ஒரு வரிக்குள் அடங்குகிறது, பார்க்கிறவருக்கு முதுகு சில்லிடும். கூட்டத்தின் சத்தம் ஒரு இடத்தில் ஆரவாரம் ஆயிற்று, இன்னொரு இடத்தில் சலசலப்பு, இன்னொரு இடத்தில் கூச்சல். வண்டிச் சத்தம் இரைச்சலாயிற்று. கவனித்தீர்களானால், இவற்றில் சலசலப்பும் கூச்சலும் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தவை இல்லை. பட்டியலைப் படித்ததால் எனக்குள்ளே இருந்து கிளம்பி வந்தவை.

இந்தப் புத்தகத்தைப் பற்றி நான் சொல்ல வந்ததே இதுதான். புதுச்சொல் கொடுக்கும் என்று நினைத்துத் திறக்கிறோம். அது பத்துச் சொல்லைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிடுகிறது. ஒன்பதைத் தள்ளும்போதுதான் நமக்கு வேண்டியது எது என்று நமக்கே தெரிகிறது. ஏன் தள்ளினோம் என்று காரணம் சொல்லப் பழகியவுடன், பல நேரம் முதலில் எழுதிய சாதாரணச் சொல்லுக்கே திரும்பி வருகிறோம். 41 சத்தத்தில் ஒன்பது சத்தத்தை நான் அப்படியே விட்டேன். அவை வெறும் சத்தம்தான்.

பூவுக்கு ஏழு பருவம், இலைக்கு ஐந்து பருவம் என்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் ஒரு பட்டியல் சுற்றும். அனுப்புகிறவர்களுக்கு ஒரே கேள்வி: கடைசியாக "செம்மல்" என்று எப்போது சொன்னீர்கள், வாடின பூவைப் பார்த்து? பெருமைக்குப் பட்டியல் வைத்துக்கொள்வது வேறு சங்கதி. அதை விடுவோம்.

புதிருக்கு வருகிறேன். இங்கே பதினொன்றாவது தொகுதி தனி ராஜாங்கம். ஒரு சொல் பல பொருள் தொகுதியை மண்டலபுருடர் எதுகை வரிசையில் அடுக்கியிருக்கிறார். முதல் செய்யுளில் அடிகளின் தலைச்சொற்களைப் பாருங்கள்: பகவன், பகல், மகரம், அகம். எல்லாவற்றிலும் இரண்டாம் எழுத்து க. அகர வரிசைக்குப் பழகிய கண்ணுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆனால் குறுக்கெழுத்து கட்டுகிறவளுக்கு இது வரம். மேலிருந்து கீழ் வருகிற சொல், இடமிருந்து வலம் போகும் சொல்லை இரண்டாவது கட்டத்தில் வெட்டும்போது, கையில் இருப்பது இரண்டாம் எழுத்து மட்டும். முதல் எழுத்து தெரியாமல் எந்த அகராதியையும் திறக்க முடியாது. இவரை மட்டும் திறக்கலாம். எதுகை அடியின் தலையில்தான் வரும், நடுவில் வேறு எழுத்துச் சொற்களும் நுழைந்திருக்கும் என்பதால் நூற்றுக்கு நூறு நம்ப முடியாது. முக்கால்வாசி வேலை நடக்கும். செய்யுள் மனப்பாடத்துக்காக அவர் கண்டுபிடித்த ஏற்பாடு, கட்டம் போட்ட காகிதத்தில் எனக்கு உதவும் என்று அவர் நினைத்திருக்க வழியில்லை.

அந்த முதல் செய்யுளிலேயே எனக்கு மூன்று புதிர் கிடைத்தது. அகம் என்பதற்கு மனம், மனை, பாவம் என்று பொருள் கொடுத்திருக்கிறார். "மனமும் வீடும் பாவமும் ஒன்றே" என்று குறிப்பு கொடுத்து மூன்று கட்டம் போட்டேன். பகல் என்றால் நாள், முகூர்த்தம், சூரியன், நடு, ஒளி. "நடுவில் நிற்பான், ராத்திரி வரமாட்டான்." பகவன் என்றால் ஈசன், மாயோன், பிரமன், சினன் (சமணர்களின் அருகன்), புத்தன் என்று ஐந்து பேர். திருக்குறளின் ஆதி பகவன் யார் என்று சண்டை போடுகிறவர்கள் இந்த ஒரு அடியைப் படித்தால் சண்டை தீரும் என்று சொல்லமாட்டேன். ஐந்து தரப்புக்கும் சாட்சி கிடைத்து இன்னும் வலுக்கும். அதை நான் புதிராகப் போடவில்லை. இதழாசிரியர் வேண்டாம் என்றார்.

எனக்குப் பிடித்தது இரண்டு கட்டச் சொற்கள். "உழவனிடம் இருக்கும் அழகு": ஏர். "நடக்கவும் செய்யும், வீசவும் செய்யும்": கால். காற்றுக்குக் கால் என்று பெயர் உண்டு என்று தெரியாத வாசகர்கூட விடையைப் பார்த்துவிட்டு அடடா என்பார். புதிர் போடுகிறவளுக்கு அதுதான் கூலி.

ஒரே ஒரு தடவை கூலிக்குப் பதில் வசவு கிடைத்தது. "எறும்பு மாதிரித் தெரியும், தும்பிக்கை உண்டு" என்று நான்கு கட்டம் போட்டிருந்தேன். விடை எறும்பி. யானைக்கு இப்படி ஒரு பெயர் இருக்கிறது என்று எப்போதோ ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். விடை வெளிவந்த மாதம், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டு பக்கம் கடிதம் எழுதிவிட்டார்: தமிழில் அப்படி ஒரு சொல்லே கிடையாது, இல்லாத சொல்லைப் போட்டு வாசகர்களை ஏமாற்றுகிறார்கள். ஆசிரியர் குழுவிலிருந்து போன். "ஆதாரம் ஏதாவது அனுப்புங்க, போட்டுடலாம்." நிகண்டைத் திறந்தேன். யானை இருக்க வேண்டிய இடம் விலங்கின் பெயர்த்தொகுதி. என் பிரதியில் 64க்குப் பிறகு 49 வந்தது. இரண்டாம் முறையாக.

அந்தப் பாரம் விட்டுப்போனது எனக்குத் தெரிந்தது அப்போதுதான். கடைசியில் சென்னைப் பல்கலைக்கழகத்து லெக்சிகன்தான் மானத்தைக் காப்பாற்றியது. 1924க்கும் 1936க்கும் நடுவில் ஆறு பெரிய தொகுதிகளாக வந்த அகராதி. இப்போது இணையத்தில் தேடிப் பார்க்கலாம். அதில் எறும்பி இருந்தது. பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். கடிதம் எழுதியவர் அடுத்த மாதமே சரியான விடைகளை அனுப்பிப் பரிசுப் பட்டியலில் வந்துவிட்டார். கோபித்துக்கொண்டாலும் புதிரை விடவில்லை மனுஷர்.

அப்போதுதான் இன்னொரு குறையும் உறைத்தது. என் பிரதியில் சொல்லடைவு இல்லை. எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று பின்னால் ஒரு பட்டியல் போடவில்லை. "சோம்பல்" வேண்டும் என்றால், அது பண்பா செயலா என்று முதலில் நானே முடிவு செய்து, அந்தத் தொகுதி முழுவதையும் விரலை வைத்துக்கொண்டு போக வேண்டும். மண்டலபுருடரைக் குறை சொல்ல முடியாது. அவர் காலத்தில் படிக்கிற பிள்ளைக்கு முழுப் புத்தகமும் தலைக்குள் இருந்தது, தலையே அடைவு. மனப்பாடத்தைக் கைவிட்ட எங்களுக்காக மறுபதிப்பு போடுகிறவர் பத்துப் பதினைந்து பக்கம் கூடச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை.

ஆங்கிலத்தில் தெசாரஸ் என்கிற இந்த வகைக்குப் பேர் வாங்கித் தந்த பீட்டர் மார்க் ரோஜெட் இதை முதல் பதிப்பிலேயே யோசித்திருக்கிறார். ஆள் ஒரு மருத்துவர். 1805இல் தன் சொந்த உபயோகத்துக்கு நோட்டுப் போட்டுச் சொற்களைத் தொகுக்கத் தொடங்கி, 1852இல் எழுபத்து மூன்று வயதில்தான் புத்தகமாகப் போட்டார். உலகத்துக் கருத்துகளையெல்லாம் ஆயிரம் தலைப்பாகவும் ஆறு பெரும் வகுப்பாகவும் பிரித்தார். அவர் தொடங்குவது கடவுளிலும் இல்லை, வானத்திலும் இல்லை. "இருத்தல்" என்ற வெறும் கருத்தில். அந்த வகுப்புகளை முழுக்கப் புரிந்துகொண்டு பயன்படுத்தியவர்கள் ரொம்பப் பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பின்னாலிருக்கும் அகர வரிசை அடைவைப் பார்த்து, எண்ணைப் பிடித்து, நேரே அந்தத் தலைப்புக்குப் போகலாம் என்பதால்தான் சாதாரண மனிதர் கையில் அது தங்கியது. என்னிடமும் கனத்த அட்டை போட்ட ஒரு பழைய ரோஜெட் இருக்கிறது. மூலத்தில் வரும் வசனத்தின் நிறம் பிடிபடாதபோது அதைத் திறப்பேன். ஆங்கிலச் சொல்லின் அக்கம்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தால் பாதி இருட்டு விலகியிருக்கும்.

அடைவில்லாத நிகண்டுக்கு மருந்து தமிழிலேயே இருக்கிறது. வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதி. இத்தாலியிலிருந்து வந்தவர், நிகண்டுச் செய்யுளையெல்லாம் உடைத்து அகர வரிசையில் போட்டார். நான்கு பகுதி: பெயர், பொருள், தொகை, தொடை. இதில் பொருளகராதிதான் நமக்கு வேண்டிய சரக்கு. அழகு என்று தேடினால் எழில், கவின், வனப்பு என்று வரிசையாக வந்து நிற்கும். தொடையகராதி எதுகைச் சொற்களின் தொகுப்பு. பாட்டு எழுதுகிறவர்கள் இதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கலாம். முதன்முதலாக இந்தப் பக்கம் வருகிறவர் எதை வாங்குவது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். நிகண்டு இரண்டாவதாக.

ஆனால் ஒரு எச்சரிக்கை. என் அண்ணன் மகள் கல்லூரி விழாவுக்கு வரவேற்புரை எழுதினாள். "தலைவர்" என்ற சொல் நாலு இடத்தில் வருகிறது, மாற்ற வேண்டும் என்று என் மேசையில் உட்கார்ந்து பட்டியலைப் புரட்டினாள். எழுதி முடித்து வாசித்துக் காட்டினாள். "எங்கள் கல்லூரிக் கிழவர் அவர்களே" என்று கணீரென்று ஆரம்பித்தாள். நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"எடி, தாளாளரையா சொல்லுத?"

"ஆமா அத்தை. கிழவன்னா தலைவன், உரியவன்னு போட்டிருக்கே. புத்தகத்துலதான இருக்கு?"

புத்தகத்தில் இருக்கத்தான் செய்கிறது. திருவள்ளுவரே நிலத்துக்கு உரியவனை, போய்ப் பார்க்காமல் வீட்டில் இருக்கும் "கிழவன்" என்கிறார். அவள் தப்பு ஒன்றுமில்லை. பட்டியலில் இறைவன், கோ, கிழவன் எல்லாம் ஒரே வரிசையில், ஒரே எழுத்தில், ஒரே உயரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. எது இன்று உயிரோடு இருக்கிறது, எது செத்தது, எது பொருள் மாறித் திரிகிறது என்று நிகண்டு சொல்லாது. ரோஜெட்டின் பழைய பதிப்பும் சொல்லாது. தெரிந்தவனுக்குத்தான் இது உதவும். தெரியாதவனைச் சபையில் மாட்டிவிடும். தாளாளருக்கு எழுபது வயதுக்கு மேல் என்பதையும் இங்கே குறித்துவிடுகிறேன்.

அதனால் என் மேசையில் நிகண்டுக்குப் பக்கத்தில் எப்போதும் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இருக்கும். 1992இல் முதலில் வந்து, விரிவாக்கித் திருத்தி 2008இலும் 2020இலும் வந்தது. சொல்லுக்குப் பக்கத்தில் இது பேச்சு வழக்கு, இது உயர் வழக்கு, இது அருகிவருகிறது, இது இலங்கையில் சொல்வது என்று சின்னதாகக் குறி போட்டிருப்பார்கள். வாக்கியத்தில் வைத்தும் காட்டுவார்கள். நிகண்டில் அள்ளி, இதில் புடைக்கிறேன். இரண்டில் ஒன்று இல்லாமல் மற்றது எனக்கு அரைப் புத்தகம்தான்.

இவ்வளவும் சேர்ந்தும் தீராத ஒரு பசி இருக்கிறது. நிகண்டுக்காரர்களுக்குப் பெயர்ச்சொல் மேல்தான் ஆசை. செயலுக்கு ஒரு தொகுதி வைத்திருந்தாலும், அதிலும் செயலின் பெயர்தான் வரும். சப்டைட்டில்காரிக்கு நாள் முழுக்கச் சண்டை வினைச்சொல்லோடு. ஒரு ஆள் பார்க்கிறான். வெறித்தானா, முறைத்தானா, ஏறிட்டானா, எட்டிப் பார்த்தானா, நோட்டம் விட்டானா, பேந்தப் பேந்த விழித்தானா? இதை அடுக்கித் தருகிற புத்தகம் கடையில் சுலபமாகக் கிடைப்பதாக இல்லை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 2001இல் தற்காலத் தமிழ்ச் சொற்களஞ்சியம் ஒன்று வெளியிட்டிருக்கிறது. பொருள், நிகழ்வு, பண்பு, உறவு என்று புதிய முறையில் பிரித்தது. நிகழ்வு என்று தனி வகுப்பே கொடுத்திருப்பதால் வினைக்கு அங்கே மரியாதை உண்டு. நூலகத்தில் உட்கார்ந்துதான் பார்த்தேன். வாங்கி வைத்துக்கொள்ளும் ஆசை இன்னும் நிறைவேறவில்லை.

அதுவரை என் நூறு பக்க நோட்டுதான். "பார்த்தல்" என்று ஒரு பக்கம், "நடத்தல்" என்று ஒரு பக்கம், "திட்டுதல்" என்று மூன்று பக்கம். பேருந்தில் கேட்டது, காய்கறிக்காரர் சொன்னது எல்லாம் அதில் ஏறும். பெரும்பங்கு அம்மாவுடையது. போன வாரம் தொடரில் ஒரு பாத்திரம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டு நின்றான். "இவன் இப்ப எப்படிப் பாக்கான்?" என்று அம்மாவைக் கேட்டேன். திரையைப் பார்த்துவிட்டு, "திருதிருன்னு முழிக்கான்" என்றாள். அது எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். எனக்கு அரை மணி நேரமாகத் தோன்றவில்லை.

சரி, அச்சுக்கு வருகிறேன். தாள் மஞ்சளடித்த மலிவுத் தாள். பென்சிலால் குறித்தால் அழிக்கலாம், பேனா பின்பக்கம் ஊறும். செய்யுளைச் சீர் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் சீர் பிரிப்பு வேறு, சொல் பிரிப்பு வேறு. பொருள் தேடுகிறவனுக்குச் சொல் பிரித்த பாடமும் வேண்டும். உரையில் அது ஓரளவு இருக்கிறது. எழுத்துப் பிழைகள் உண்டு. ரகர றகரம் மாறினால் நிகண்டில் அது பிழையா வேறு சொல்லா என்று கண்டுபிடிக்க முடியாது, அதுதான் ஆபத்து. சந்தேகம் வந்தால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் சூடாமணியும் திவாகரமும் பிங்கலமும் காசில்லாமல் படிக்கக் கிடைக்கின்றன. என் பதினாறு பக்கத்தையும் அங்கிருந்துதான் பார்த்துக் கையால் எழுதிச் செருகியிருக்கிறேன்.

அப்படியானால் புத்தகம் எதற்கு என்று கேட்கலாம். தேடுபெட்டியில் ஒரு சொல்லைத் தட்டினால் அந்தச் சொல் மட்டும் வரும். புத்தகத்தில் சோம்பலைத் தேடிப் போகும்போது வழியில் இன்னும் பத்தைப் பார்த்துவிடுவோம். கம்பலையை நான் தேடவே இல்லை. கைப்பட எழுதிய அந்தப் பதினாறு பக்கமும் இப்போது எனக்கு மற்ற பக்கங்களைவிட நன்றாக நினைவிருக்கிறது. யானைப் பெயர் மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

நூலுக்கு ஐந்துக்கு ஐந்து. இந்தப் பதிப்புக்கு இரண்டு, அதுவும் உரைக்காக. வாங்குகிறவர்கள் கடையிலேயே நின்று, விலங்கின் பெயர்த்தொகுதியைத் திறந்து, பக்க எண் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். பில்லை வாங்கிப் புத்தகத்துக்குள்ளேயே வையுங்கள்.